பாரத்தைப் போட்ட பிறகு

மதுரையிலிருந்து மேலூர் போகும் சாலையில் ஒத்தக்கடையை நெருங்கும்போது யானைமலை படுத்திருப்பது தெரியும். அதன் ஒரு பக்கத்தில் நரசிங்கம் குடைவரைக் கோயில். 770ஆம் ஆண்டில் பாண்டியனின் அமைச்சர் மாறன்காரி எடுப்பித்தது. கூட்டம் பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடும். மலையின் பின்புறம் கொடிக்குளம் என்ற சிற்றூர் இருக்கிறது. சிறிய வேதநாராயணப் பெருமாள் சந்நிதியும் வெயிலில் காய்ந்து கிடக்கும் பாறையும்தான் அங்கே. வைணவர்கள் இவ்வூரை ஜோதிஷ்குடி என்பார்கள். பிள்ளை லோகாசாரியர் திருநாட்டுக்கு எழுந்தருளிய இடம் இது.

திருவரங்கத்தில் பிறந்து, அரங்கனையே உலகமாகக் கொண்டு, பதினெட்டு ரகசிய நூல்கள் எழுதியவர் அவர். ஆன்மா தன்னைக் காத்துக்கொள்ளத் தானாகச் செய்ய வேண்டியது எதுவும் இல்லை, காப்பது முழுக்க அவன் பொறுப்பு என்று அந்த நூல்களில் திரும்பத் திரும்பச் சொன்னார். அப்படிச் சொன்னவர், தில்லிப் படை வருகிறது என்று கேட்டதும் உற்சவ மூர்த்தியை எழுந்தருளப் பண்ணிக்கொண்டு தள்ளாத வயதில் காட்டுவழியே நடந்தார். இந்தப் பாறையடிக்கு வந்து சேர்ந்து இங்கேயே உடலை விட்டார்.

அவன் காப்பான் என்று எழுதியவர் ஏன் அவனையே தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்? கொடிக்குளத்துக்கு முதன்முறை போனபோது இந்தக் கேள்வியோடுதான் திரும்பினேன். நாளை என்ன ஆகுமோ என்ற பயமும், அவன் பார்த்துக்கொள்வான் என்ற நம்பிக்கையும் ஒரே நெஞ்சில் எப்படிக் குடியிருக்கின்றன என்பதை விளங்கிக்கொள்ள, நம் மொழியில் இதைவிடப் பொருத்தமான நிகழ்ச்சி ஒன்று எனக்குத் தெரியவில்லை.

நம் வீடுகளில் அன்றாடம் புழங்கும் ஒரு பேச்சிலிருந்து தொடங்கலாம். பெண்ணுக்கு வரன் அமையவில்லை, பையனின் வேலை உறுதியாகவில்லை, மருத்துவர் பரிசோதனை முடிவுக்கு நான்கு நாள் பொறுக்கச் சொல்லியிருக்கிறார் என்றால், வீட்டில் இருக்கும் பெரியவர் யாராவது “பாரத்தை அவன்மேல போட்டுடு” என்பார். சொல்பவருக்கு வடமொழியோ வேதாந்தமோ தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தப் பேச்சுக்குள் பல நூற்றாண்டு விவாதம் ஒன்று உறைந்திருக்கிறது. வைணவ ஆசாரியர்கள் சரணாகதியைப் பரந்யாசம், பரசமர்ப்பணம் என்றெல்லாம் அழைத்தார்கள். பரம் என்றால் பாரம், பொறுப்பு. அதை உரியவனிடம் வைத்துவிடுவதுதான் சரணாகதி. வைத்துவிட்டவன் எப்படி இருப்பான் என்பதற்கு அவர்கள் வழங்கிய சொல் இன்னும் அழகானது: மார்பிலே கைவைத்து உறங்குவான். கூலிக்கு மூட்டை சுமந்தவன் அதை இறக்கிவைத்து, திண்ணையில் மல்லாந்து, கையை நெஞ்சின்மேல் போட்டுக்கொண்டு தூங்குவானே, அந்தத் தூக்கம்.

அந்தத் தூக்கம் எளிதில் வந்துவிடாது என்பதும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. லக்ஷ்மீ தந்திரம், அஹிர்புத்ந்ய சம்ஹிதை ஆகிய பாஞ்சராத்திர நூல்கள் சரணாகதியை ஆறு கூறாகச் சொல்கின்றன. அவனுக்கு உகந்ததைச் செய்யும் உறுதி, உகவாததை விடுதல், காப்பான் என்ற பெருநம்பிக்கை, காக்க வேண்டும் என்று கேட்டல், தன் கதியின்மையை ஒப்புக்கொள்ளுதல், தன்னை ஒப்படைத்தல். இந்த ஆறில் என்னை எப்போதும் நிறுத்துவது ஐந்தாவதான கார்ப்பண்யம். என்னால் ஆகவில்லை, எனக்குப் பயமாக இருக்கிறது, எனக்கு வேறு போக்கிடம் இல்லை என்று சொல்வது சரணாகதிக்குக் குறை அல்ல, அதன் அங்கம். மகாவிசுவாசம் என்று பெரிய பெயர் சூட்டிய நம்பிக்கையை அவர்கள் தனியே நிறுத்தவில்லை. நடுக்கத்தை அதன் பக்கத்திலேயே உட்காரவைத்தார்கள். நம்பிக்கை இருந்தால் பயம் இருக்கக் கூடாது, பயந்தால் நம்பிக்கை பொய் என்று இன்று மேடைகளில் அறிவுரை சொல்கிறார்கள். அது ஏற்கெனவே நொந்து கிடப்பவர்களின் தலையில் இன்னொரு பாரத்தை ஏற்றுகிறது. ஆசாரியர்கள் அப்படிப் பேசவில்லை.

கவலைப்படாதே என்று முடியும் கீதையின் சரம சுலோகத்துக்கு அவர்கள் எழுதிய விளக்கத்திலும் இதே நுட்பம் உண்டு. அந்தச் சொல்லைக் கேட்பதற்கு முன் கவலைப்படாதவனுக்குச் சரணாகதிக்கான தகுதியே வரவில்லை. கேட்ட பிறகும் கவலைப்படுகிறவனுக்குச் சொன்னவன்மேல் பிடிப்பு வரவில்லை. கவலையிலிருந்துதான் தொடங்க வேண்டும், வேறு வாசல் கிடையாது என்பது அதன் சாரம்.

எதிர்காலம் பற்றிய கவலை என்பது சரியாக எதைப் பற்றியது? கனடாவின் கியூபெக்கில் ஃப்ரீஸ்டன், டூகா முதலிய உளவியலாளர்கள் 1994இல் ஒரு கேள்வித்தாளை வெளியிட்டார்கள். அவர்கள் அளக்க முயன்றது தீமையைப் பற்றிய பயத்தை அல்ல, நிச்சயமின்மையைத் தாங்க முடியாமையை. ஓயாமல் கவலைப்படுகிறவரை வாட்டுவது கெட்டது நடக்கும் என்ற எண்ணம் மட்டும் இல்லை. என்ன நடக்கும் என்று தெரியாமல் இருப்பதே அவருக்குப் பொறுக்க முடியாத வலியாக இருக்கிறது. முடிவு வரும்வரை தூங்காதவர், கெட்ட முடிவு வந்த அன்று இரவு தூங்கிவிடுவதை நாம் பார்த்திருக்கிறோம்.

இதை நான் என் தாயிடம் கண்டேன். என் தந்தைக்கு இதய அறுவைசிகிச்சை நடந்த காலையில் அம்மா ஒரு ரூபாய் நாணயத்தை மஞ்சள் துணியில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டு மருத்துவமனைக்கு வந்தாள். திருப்பதிக்கு என்று முடிந்த காசு. அன்று முழுவதும் அந்த முடிச்சை விரலால் தடவிக்கொண்டே இருந்தாள், அழவில்லை. அப்பா பிழைத்தார். அம்மாவின் பெரிய பயம் அதற்குச் சில வருடங்கள் கழித்துத்தான் வந்தது. அப்பாவுக்கு நினைவு மங்கத் தொடங்கியது. முதலில் பெயர்கள், பிறகு முகங்கள், பிறகு ஐம்பது வருடமாகத் தினமும் சொல்லிவந்த பாசுரங்கள். ஒரு நாள் திருமண் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு இது என்ன என்று கேட்டார். அன்றிரவு அம்மா என்னிடம் சொன்னது இது: “கடைசி நேரத்துல நாராயணான்னு ஒரு வார்த்தை வராம போயிட்டா அப்பாவோட கதி என்னடா?”

எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இருந்தார். பிரபந்த கோஷ்டிக்குப் போகிறவர். விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருந்தார். “அவர் மறந்தா மறந்துட்டுப் போகட்டும் அம்மா. மறக்காதவன் ஒருத்தன் இருக்கான். பேரருளாளன் சொன்ன ஆறு வார்த்தை கேட்டதில்லையா நீங்க?” என்றார்.

அந்த ஆறு வார்த்தைகளின் கதை இராமானுசர் வரலாற்றில் வருகிறது. பேரருளாளன் என்ற காஞ்சி வரதனுக்கு ஆலவட்டம் வீசும் திருக்கச்சி நம்பி பெருமாளோடு பேசுகிறவர் என்று பெயர் பெற்றவர். இராமானுசர் தம் மனத்தில் இருந்த ஐயங்களை வெளியே சொல்லாமல், பெருமாளிடம் விடை கேட்டுச் சொல்லுமாறு நம்பியை வேண்டினார். வந்த விடைகள் ஆறு. தானே பரம்பொருள், உயிரும் இறையும் வேறு, சரணாகதியே வழி, கடைசி நேர நினைவு கட்டாயம் இல்லை, உடல் விழும்போது வீடு, பெரிய நம்பியை ஆசாரியராகப் பற்றுக. இவற்றில் நான்காவது சிறியதுபோலத் தோன்றும். ஆனால் சாகும் தருணத்தில் எதை நினைக்கிறோமோ அதையே அடைவோம் என்ற கீதையின் எட்டாம் அத்தியாயம் எத்தனை தலைமுறைகளைப் பயமுறுத்தியிருக்கும் என்று எண்ணிப் பார்த்தால்தான் அதன் கனம் புரியும். நினைவு தப்பும், நாக்கு குழறும், பேச்சுமூச்சு இல்லாமல் கிடக்க நேரும். மனிதன் எவ்வளவு ஒழுங்காக வாழ்ந்தாலும் தன் கைக்குள் கொண்டுவர முடியாத ஒரு மணி நேரம் எல்லோருக்கும் காத்திருக்கிறது. அந்த மணி நேரத்தின் பொறுப்பை மனிதனின் தோளிலிருந்து எடுத்துவிடுகிறது அந்த வார்த்தை.

வராக சரம சுலோகம் என்று வைணவர்கள் போற்றும் பகுதி இதை இன்னும் வெளிப்படையாகச் சொல்கிறது. மனமும் உடலும் நன்றாக இருக்கும்போது ஒருவன் என்னை நினைத்தால் போதும். பின்னாளில் அவன் கட்டையாகவும் கல்லாகவும் கிடக்கும்போது நான் அவனை நினைக்கிறேன் என்பது பூமாதேவிக்கு வராகப் பெருமாள் சொன்னதாக வரும் வாக்கு. பெரியாழ்வாரும் அரங்கனிடம் இதே கணக்கைப் பேசியிருக்கிறார். எமனின் ஆட்கள் வந்து சூழும் நேரத்தில் உன்னை நினைக்க எனக்கு இயலாமல் போகலாம், அதனால் முன்கூட்டியே சொல்லிவைத்துவிடுகிறேன் என்று. இன்றைய உளவியல் சொல்லும் நிச்சயமின்மையை இவர்கள் நிச்சயமாக மாற்றித் தரவில்லை. என்ன நடக்கும் என்று அறிவிக்கவும் இல்லை. நடக்கும்போது பொறுப்பு யாருடையது என்பதை மட்டும் முன்னதாகவே முடிவு செய்துகொண்டார்கள்.

அம்மாவுக்கு அது போதுமானதாக இருந்தது. அதற்கு மேல் அவள் அப்பாவிடம் பாசுரம் சொல்லச் சொல்லி வற்புறுத்தவில்லை. அவர் பக்கத்தில் உட்கார்ந்து தான் சொன்னாள்.

சரணாகதி என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது குரங்குக்குட்டி, பூனைக்குட்டி உவமைதான். குரங்குக்குட்டி தாயின் வயிற்றைத் தானே இறுகப் பற்றிக்கொள்ளும். பூனைக்குட்டி ஒன்றும் செய்யாது, தாய் வாயில் கவ்விப் போகும். மனிதன் பக்கத்தில் சிறு முயற்சியாவது வேண்டும் என்ற வேதாந்த தேசிகரின் வழி மர்க்கட நியாயம், அது கூடத் தேவையில்லை என்ற லோகாசாரியரின் வழி மார்ஜார நியாயம் என்று பின்னாளில் பெயர் பெற்றன. வடகலை, தென்கலை என்று பிரிவு இறுகியதும் அந்த இருவருக்குப் பிறகுதான். பிரிவின் வழக்குகளை இங்கே விரிக்க நான் விரும்பவில்லை. அந்தச் சண்டையில் போன தலைமுறைகளின் ஆற்றலை நினைத்தால் மனம் கனக்கிறது.

உவமையின் உயிர் மட்டும் இன்னும் பயன்படுகிறது. அமெரிக்க உளவியலாளர் கென்னத் பார்கமென்ட் தம் சகாக்களோடு 1988இல் வெளியிட்ட ஆய்வில், இறைநம்பிக்கை உள்ளவர்கள் சிக்கலை எதிர்கொள்ளும் விதத்தை மூன்றாக வகுத்தார். கடவுள் அறிவைத் தந்திருக்கிறார், நானே பார்த்துக்கொள்கிறேன் என்பவர்கள், எல்லாவற்றையும் அவரிடம் தள்ளிவிட்டுக் காத்திருப்பவர்கள், அவரோடு சேர்ந்து செய்கிறோம் என்பவர்கள். இவை மட்டும் போதாது, தெரிந்தே தன் விருப்பத்தை அவர் விருப்பத்துக்கு விட்டுக்கொடுக்கும் ஒப்படைப்பு என்ற நான்காவது வகையும் உண்டு என்று 2000ஆம் ஆண்டில் வேறு இரு ஆய்வாளர்கள் எழுதினார்கள். கிறித்தவச் சூழலில் எழுந்த ஆய்வுகள் இவை. தள்ளிவிட்டுக் காத்திருப்பதும் ஒப்படைப்பதும் வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுபோலத் தெரிந்தாலும் உள்ளே வேறு வேறு என்பதை அவர்கள் கண்டுகொண்டது எனக்கு முக்கியமாகப் படுகிறது. அந்த வேறுபாட்டுக்கான சான்று திருவரங்கத்தில் இருக்கிறது.

மாலிக் காபூரின் படை 1311இல் தமிழகத்துக்குள் வந்து போயிருந்தது. 1323இல் உலூக் கான் தலைமையில் மீண்டும் படை வந்தது. பிற்காலத்தில் முகமது பின் துக்ளக் என்று தில்லியை ஆண்டவர் அவர். திருவரங்கத்தில் திருவிழா நடந்துகொண்டிருந்தபோது செய்தி எட்டியது என்று கோயிலின் வரலாற்று நூலான கோயிலொழுகு சொல்கிறது. மூலவரைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. கருவறைக்கு முன்னால் கல்லை அடுக்கிச் சுவர் எழுப்பி மறைத்தார்கள். உற்சவரான அழகிய மணவாளனைப் பல்லக்கில் எழுந்தருளப் பண்ணிக்கொண்டு லோகாசாரியரும் சிறு கூட்டமும் தெற்கே கிளம்பினார்கள். ஊரில் தங்கியவர்கள் ஏராளமாக வெட்டுண்டார்கள். பன்னீராயிரவர் என்பது கோயிலொழுகு சொல்லும் எண்.

ஊரில் தங்கியவர்களுக்குள் வேதாந்த தேசிகர் இருந்தார். 1268இல் காஞ்சியை ஒட்டிய தூப்புலில் பிறந்தவர். அப்போது ஐம்பதைத் தாண்டிய வயது. இராமானுசரின் ஸ்ரீபாஷ்யத்துக்குச் சுருதப்பிரகாசிகை என்ற பேருரை எழுதிய சுதர்சன சூரி முதுமையால் நகர முடியாத நிலையில் இருந்தார். தம் ஆசாரியர் நடாதூர் அம்மாளின் வாயிலிருந்து கேட்டதையெல்லாம் எழுதிவைத்த ஓலைக் கட்டையும், தம் பிள்ளைகள் இருவரையும் தேசிகரிடம் ஒப்படைத்தார். பாரத்தைப் போடுவது என்றால் என்ன என்பதை அந்தத் தந்தையைப் பார்த்துத்தான் அறிய வேண்டும். தான் பிழைக்கப்போவதில்லை என்று தெரிந்தவர், தன் ஆயுளின் உழைப்பையும் தன் குழந்தைகளையும் இன்னொருவர் கையில் வைத்தார். தேசிகர் அந்த ஓலைகளோடும் குழந்தைகளோடும் பிணக்குவியலுக்கு நடுவே பிணம்போலக் கிடந்து அந்த இரவைக் கடந்தார் என்பது மரபு வழங்கும் வரலாறு.

இந்த இரு காட்சிகளையும் அருகருகே வைத்துப் பார்க்கிறேன். பற்றிக்கொள்ளும் முயற்சி வேண்டும் என்று வாதிட்டவர் அசையாமல், கண்ணை மூடிக்கொண்டு, எதுவும் செய்ய முடியாத பூனைக்குட்டியாகக் கிடந்தார். ஒன்றும் செய்ய வேண்டாம் என்று எழுதியவர் தாய்ப்பூனை குட்டியைக் கவ்விப் போவதுபோலப் பெருமாளைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக நடந்தார்.

இது முரண்பாடு இல்லை. லோகாசாரியரின் நூல்களில் இதற்கு விடை தெளிவாக இருக்கிறது. மனிதன் செய்யக் கூடாது என்று அவர் விலக்கியது, தன் செயலை வீடுபேற்றுக்கு விலையாக நினைப்பதை. வழியாக எதையும் செய்யாதே என்றார். பயனாகச் செய்யும் தொண்டை விலக்கவே இல்லை. கைங்கரியம் என்பது அவனை அடைவதற்குக் கொடுக்கும் கூலி அன்று, அடைந்த மகிழ்ச்சியின் வேலை. என் கதி என்ன ஆகும் என்ற கணக்கு முடிந்துவிட்டவனுக்குத்தான் இரு கைகளும் காலியாகின்றன. அந்தக் கைகளால்தான் பல்லக்கைத் தூக்க முடியும்.

இன்னும் ஆழமான ஒன்று ஸ்ரீவசனபூஷணத்தில் உண்டு. அறிவு நிலையில் அவன் காப்பவன், நாம் காக்கப்படுபவர்கள் என்ற முறை தன் இடத்தில் இருக்கும் என்றும், அன்பு முற்றிய நிலையில் அந்த முறை தலைகீழாகிவிடும் என்றும் அதில் லோகாசாரியர் சொல்கிறார். பெரியாழ்வார் எல்லாம் வல்லவனைப் பார்த்து உனக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாதே என்று பல்லாண்டு பாடியது அந்த நிலையில்தான். இந்தப் பயத்துக்கு வைணவ மரபில் ஒரு பெயர் இருக்கிறது: அஸ்தானே பயசங்கை. இடமில்லாத இடத்தில் எழும் பயம். அந்தப் பயம் கொண்டவர்கள் என்று அவர் ஒரு பட்டியலே தருகிறார். தசரதன், சீதை, விசுவாமித்திரன், தண்டகாரணிய முனிவர்கள், அனுமன், சுக்கிரீவன், நந்தகோபன், விதுரன் என்று நீண்டு பிள்ளை உறங்காவில்லி தாசரில் வந்து நிற்கிறது அது. தன் வீட்டுக்கு வந்த கண்ணன் அமரப்போகும் இருக்கையை விதுரன் கையால் தடவித் தடவிப் பார்த்தான். துரியோதனன் வஞ்சனை செய்யக்கூடியவன் என்பதால் தன் வீட்டு ஆசனத்தின்மேலேயே அவனுக்குச் சந்தேகம். சரணாகதி சாத்திரத்துக்கே ஊற்றான வீடணன் அடைக்கலக் காட்சியிலும் இந்தப் பயம் இருக்கிறது. இராமன் அபயம் தருகிறேன் என்று உறுதி சொல்கிறான். பக்கத்தில் சுக்கிரீவன், இவன் பகைவனின் தம்பி, உனக்கு என்ன செய்வானோ என்று நடுங்குகிறான். நம்பிக்கை இல்லாதவன் என்று அவனை யாரும் ஒதுக்கவில்லை. பட்டியலில் சேர்த்துக் கொண்டாடுகிறார் லோகாசாரியர்.

உறங்காவில்லியின் கதை எனக்கு மிகவும் பிடித்தது. உறையூரைச் சேர்ந்த மல்லர். தன் மனைவி பொன்னாச்சியின் கண்கள் வெயிலில் வாடக் கூடாது என்று குடைபிடித்துக்கொண்டு நடந்தவர். இராமானுசர் அவரை அழைத்துப் போய் அரங்கனின் கண்களைக் காட்டினார். அன்றிலிருந்து அவர் பெருமாள் புறப்பாட்டின்போது வாளை உருவிப் பிடித்தபடி முன்னால் நடந்தார். பெருமாளுக்கு ஏதாவது நேர்ந்தால் தன் உயிரை மாய்த்துக்கொள்ளத்தான் அந்த வாள். ஒரு பெண்ணின் கண்களுக்காகக் கவலைப்பட்ட மனம் கவலையை விட்டுவிடவில்லை, அதே கவலையோடு இடம் மாறி நின்றது.

கொடிக்குளத்தில் எனக்கு எழுந்த கேள்விக்கு நான் கண்டடைந்த விடை இதுதான். இந்த மரபில் நம்பிக்கை பயத்தை அழிப்பதில்லை, பயத்தின் முகவரியை மாற்றுகிறது. எனக்கு என்ன ஆகும் என்பது அடங்குகிற அளவுக்கு, நான் நேசிப்பதற்கு என்ன ஆகும் என்பது விழித்துக்கொள்கிறது. முன்னது மனிதனைப் படுக்கையில் புரளவைக்கும். பின்னது அவனை எழுந்து வேலை பார்க்கவைக்கும். சுவர் எழுப்பவும், ஓலைக்கட்டைக் காக்கவும், குழந்தைகளை இருட்டில் அணைத்துக்கொள்ளவும் செய்தது அந்த இரண்டாவது பயம்தான்.

வெட்டுண்ட அத்தனை பேரும் நம்பியவர்கள்தானே என்ற கேள்வியைத் தாண்டிப் போக எனக்கு மனம் வரவில்லை. அவர்களும் தினமும் அதே அரங்கனைச் சேவித்தவர்கள். நம்பினால் ஒன்றும் ஆகாது என்று யாராவது சொல்லியிருந்தால் அந்த வாக்கு 1323இல் காவிரி மணலில் பொய்த்துப் போயிருக்கும். ஆசாரியர்கள் அப்படி வாக்குக் கொடுக்கவில்லை. முன்வினையில் பலன்தரத் தொடங்கிவிட்ட பகுதி, உடல் உள்ளவரை நடந்தே தீரும் என்றே சரணாகதி நூல்கள் பேசுகின்றன. சரணடைந்தவனுக்கும் நோய் வரும், பசி வரும், படை வரும். கைவிடப்பட மாட்டாய் என்பது மட்டுமே வாக்கு. கைவிடப்படாமை என்பது உயிர் பிழைப்பது அல்ல. இதை ஆறுதலாக ஏற்க எல்லோராலும் முடியாது. இளம் வயதில் என்னாலும் முடியவில்லை. ஆனால் பொய்யான உறுதி தராத ஒரு நம்பிக்கையை மட்டுமே பேரழிவுக்குப் பிறகும் கையில் வைத்திருக்க முடியும் என்று இப்போது தோன்றுகிறது. வேலைக்காக, விசாவுக்காக, குழந்தைப்பேற்றுக்காகக் காசு முடிந்து வைப்பவர்களைக் குறைத்துச் சொல்ல நான் இதை எழுதவில்லை. என் அம்மாவின் இடுப்பில் இருந்த முடிச்சை நான் அறிவேன். கேட்பதும் ஆறு அங்கங்களில் ஒன்று.

ஜோதிஷ்குடிக்கு வரும் வழியில் கள்வர்கள் மறித்தபோது லோகாசாரியர் தம்மிடம் இருந்ததையெல்லாம் கொடுத்துவிட்டு, பெருமாளை மட்டும் காத்துக்கொண்டு வந்தார் என்பார்கள். இங்கே படுத்த பிறகு அவருடைய கவலை தம் உடலைப் பற்றியதாக இல்லை. மதுரையில் அரச அலுவலில் மூழ்கிக் கிடந்த திருமலையாழ்வாரைத் திருத்தி மீண்டும் பிரபந்தத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்று கூரகுலோத்தம தாசர் முதலிய சீடர்களிடம் சொல்லிவைத்தார். அந்தத் திருமலையாழ்வார் திருவாய்மொழிப் பிள்ளை ஆனார். அவருடைய சீடர்தான் 1370இல் பிறந்த மணவாள மாமுனிகள். ஸ்ரீவசனபூஷணத்துக்கு உரை எழுதி, மரபை மறுபடி திருவரங்கத்தில் தழைக்கச் செய்தவர். பாறையடியில் கிடந்த முதியவர் இதில் எதையும் பார்க்கவில்லை.

தேசிகர் கர்நாடகத்தில் கொள்ளேகாலத்தை அடுத்த சத்தியாகாலத்தில் தங்கினார். காவிரிக் கரை ஊர். அவர் நீராடிய தண்ணீர்தான் கீழே ஓடி அரங்கத்தைச் சுற்றிப் பாயும். அங்கிருந்துதான் அபீதிஸ்தவத்தைப் பாடினார். அச்சமின்மை என்பது அதன் பெயரிலேயே இருக்கிறது. அதில் அவர் கேட்பது, அரங்கத்தைச் சூழ்ந்த அச்சம் நீங்கி முன்போல அங்கே அடியார்கள் வாழ வேண்டும் என்பது. பயம் இல்லை என்று அறிவிக்கும் பாட்டு அன்று, பயத்தின் நடுவிலிருந்து அபயம் கேட்கும் பாட்டு. அவர் அதைப் பாடியபோது கோயில் எப்போது திறக்கும் என்று யாருக்கும் தெரியாது.

அழகிய மணவாளன் அழகர்கோயில், கோழிக்கோடு, திருநாராயணபுரம், திருமலை என்று ஊர் ஊராகப் போனார். திருமலையில் அவரை வைத்துப் பூசித்த இடம் இன்றும் ரங்கநாயக மண்டபம். விசயநகரத்துக் குமார கம்பணனின் அதிகாரி கோபணார்யன் அங்கிருந்து செஞ்சிக்கு எழுந்தருளப் பண்ணி, பிறகு அரங்கத்துக்குக் கொண்டுவந்தான். சகம் 1293, அதாவது 1371 என்று கோயில் கல்வெட்டு சொல்கிறது. நாற்பத்தெட்டு வருடங்கள்.

திரும்பியபோது ஒரு சிக்கல். இடைக்காலத்தில் வேறொரு திருமேனியைச் செய்து வழிபட்டுக்கொண்டிருந்தார்கள். உண்மையான உற்சவர் யார் என்று சொல்ல, முன்பு பார்த்தவர்கள் யாரும் மிஞ்சவில்லை. கோயிலுக்கு வெளுத்த ஈரங்கொல்லி ஒருவர் மட்டும் இருந்தார், கண் பார்வை போன முதியவர். இளமையில் பெருமாளின் ஈரவாடையைத் துவைக்கும் முன் அதைப் பிழிந்து வரும் தீர்த்தத்தைத் தினமும் பருகியவர். இரு மூர்த்திகளுக்கும் திருமஞ்சனம் செய்து, இரண்டு ஈரவாடைத் தீர்த்தத்தையும் அவருக்குக் கொடுத்தார்கள். ஒன்றை வாயில் விட்டுப் பேசாமல் இருந்தார். மற்றொன்றை விட்டதும், இவர்தான் நம் பெருமாள் என்றாராம். அன்றிலிருந்து அரங்கத்து உற்சவருக்கு அந்தப் பெயர்தான்.